கடைசி அத்தியாயம் படித்தவர் யார்?

"அண்ணி, அவ கடைசியில செஞ்சது சரிதானே?"

சமையலறை வாசலில் நின்று சிட்டு இதைக் கேட்டபோது அண்ணியின் ஒரு காலில் செருப்பு ஏறியிருந்தது, இன்னொரு காலில் ஏறவில்லை. பஸ் வருகிற நேரம். யோசித்துப் பதில் சொல்லும் வேளையா அது?

"சரிதான் சிட்டு. அவளுக்கு வேற என்ன வழி இருக்கு, சொல்லு" என்றாள், செருப்பின் ஜோடியைக் கட்டிலுக்கு அடியில் தேடிக்கொண்டே.

"நானும் அப்படித்தான் நினைச்சேன்" என்றாள் சிட்டு. கையில் பச்சை அட்டை போட்ட பழைய நாவல். விடிய விடியப் படித்த சிவப்பு கண்ணில் இருந்தது. ஆனால் முகம் தெளிந்திருந்தது. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அந்த முகத்தில் அப்படியொரு தெளிவை அண்ணி பார்த்ததில்லை. நல்ல புத்தகம் என்றால் சும்மாவா என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டு படியிறங்கி ஓடினாள்.

பஸ்ஸில் இடம் கிடைத்து உட்கார்ந்த பிறகும், ஒரு பொய் சொல்லிவிட்டு வந்திருக்கிறோம் என்பது அவளுக்கு உறைக்கவில்லை. அந்த நாவலை அவள் முழுதாகப் படித்ததே கிடையாது.

சிட்டு, அண்ணியின் கணவருக்கு ஒரே தங்கை. மழை பிடிப்பதற்கு முன்பு ஒருநாள், தோளில் ஒரு பையும் கன்றிப்போன கன்னமுமாக அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றாளே, அவள்தான். கேட்டதற்கு, "படி தடுக்கி விழுந்துட்டேன்" என்றாள். அண்ணன் நம்பிவிட்டார். அவர் லிஃப்ட் மெக்கானிக். எந்த மாடியில் எந்த நட்டு கழன்றிருக்கிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். வீட்டு மனிதர்கள் விஷயத்தில் மட்டும் காது சரியாகக் கேட்காது. அண்ணி நம்பவில்லை. படி எப்போது ஐந்து விரல் பதிய அறைந்திருக்கிறது?

அப்புறம் சிட்டுவின் புருஷன், இந்த வீட்டு மாப்பிள்ளை, தினமும் போன் செய்ய ஆரம்பித்தார். தேன் ஒழுகும் குரல். ஞாயிற்றுக்கிழமை வந்து அழைத்துப் போவதாகச் சொன்னார். "ஒரு தடவை போய்த்தான் பாரேம்மா" என்றார் அண்ணன். சிட்டு உள்ளே போய்விட்டாள். அண்ணிதான் இரண்டு நாள் அவரோடு பேசாமல் இருந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை நாளைக்குத்தான்.

தான் வேலை பார்க்கும் நூலகத்தைத் திறந்து, ஜன்னல்களைத் தள்ளிவிட்டு, அண்ணி தன் அலமாரியின் முன் நின்றாள். கதவுப் பக்கம் இருக்கும் அந்தச் சின்ன அலமாரிதான் அவளுடைய பேரும் புகழும். 'அலுக்காத பழைய நாவல்கள்' என்று அவளே எழுதி ஒட்டியிருந்தாள். பழைய நாவல் என்றாலே கொட்டாவி விடுகிறவர்கள்கூட அவள் எடுத்துக் கொடுத்தால் மறுவாரம் ஓடி வருவார்கள். "கீழே வைக்க முடியலம்மா, சமையல் தீய்ஞ்சு போச்சு" என்பார்கள். அதைவிட அவளுக்கு வேறென்ன பட்டம் வேண்டும்?

அதற்கு அவள் ஒரு வழி வைத்திருந்தாள். எந்த நாவலையும் கால்வாசிதான் படிப்பாள். பாதிச் சோற்றிலேயே பசி ஆறிவிட்டால் அது சாப்பாடே இல்லை என்பது அவள் கட்சி. கால்வாசியில் நிறுத்தும்போது மனசு அடம்பிடித்தால் அலமாரியில் ஏற்றிவிடுவாள். அடம்பிடிக்காவிட்டால் பின்கட்டுக்கு அனுப்பிவிடுவாள். இத்தனை பேருக்கு இத்தனை புத்தகம் பொறுக்க வேண்டுமென்றால் ஒவ்வொன்றையும் கடைசிவரை படித்துக்கொண்டிருக்க முடியுமா? அப்படித்தான் சமாதானம் சொல்லிக்கொள்வாள்.

சிட்டுவுக்கும் அப்படித்தான் பொறுக்கினாள். முதலில் கொடுத்ததில் ஒரு மலையை வர்ணிக்கவே ஆசிரியருக்கு ஒரு அத்தியாயம் ஆயிற்று. சிட்டு மலையடிவாரத்திலேயே தூங்கிவிட்டாள். அடுத்ததில் ஒரு பண்ணையார் குடும்பம். யாருக்கு யார் சித்தப்பா என்று புரிவதற்குள் பாதிப் பேர் செத்துப் போனார்கள். மூன்றாவதுதான் இந்தப் பச்சை அட்டை. சிட்டு அடுப்பங்கரையில் நின்றபடி படித்தாள். பால் பொங்கி வழிந்தது. "ஐயோ, பால்!" என்று அண்ணன் கத்த, வீடே பல நாளைக்குப் பிறகு சிரித்தது.

முற்பகலில் கணவர் போன் செய்தார்.

"என்னம்மா, சிட்டு உன்கூட வந்திருக்காளா?"

"இல்லையே. ஏன்?"

"ஒரு ஸ்பேனரை மறந்துட்டேன்னு வீட்டுக்கு வந்தேன். பூட்டியிருக்கு. அவ போன் உள்ளேயே அடிக்குது."

"கடைக்குப் போயிருப்பா."

"எதிர்வீட்டு அம்மாகிட்ட சாவி கொடுத்துட்டுப் போயிருக்கா." அவர் குரல் தாழ்ந்தது. "நல்லா உடுத்திக்கிட்டு, சிரிச்ச முகமா வந்துச்சாம். 'போயிட்டு வர்றேன்'னு சொல்லலையாம். 'போறேன்'னு சொல்லுச்சாம். அந்தம்மாவுக்கே திக்குன்னு ஆயிடுச்சாம்."

"எங்கேன்னு கேட்டாங்களா?"

"கேட்டிருக்காங்க. 'கதையில அவ போன இடத்துக்குத்தான். எங்க அண்ணியே சரின்னு சொல்லிட்டாங்க'ன்னு சொல்லிட்டு நடந்துட்டாளாம். கையில அந்தப் பச்சைப் புத்தகம். இது என்ன பேச்சு? கதையில அவ எங்கே போறா?"

அண்ணி அலமாரியில் பச்சை அட்டை இருந்த காலியிடத்தைப் பார்த்தாள்.

அவளுக்குத் தெரிந்ததெல்லாம் கால்வாசிக் கதை. கதாநாயகியைப் புருஷன் அடிக்கிறான். ஒரு மழை நாளில் அவள் வீட்டைவிட்டு இறங்கி நடக்கிறாள். படகுத்துறைக்கு வருகிறாள். படகு இல்லை. இருட்டிக்கொண்டு வருகிறது. அவள் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அந்த இடத்தில்தான் அண்ணி புத்தகத்தை மூடினாள். மூடும்போது மனசு அடம்பிடித்தது. ஆகா, இது ஓடும் என்று சந்தோஷப்பட்டாள்.

"சொல்லும்மா. நீ படிச்சிருக்கே இல்ல?"

"நான் படிக்கலைங்க."

"என்னது?"

"பாதிகூடப் படிக்கலை. ஆத்தங்கரை வரைக்கும்தான் படிச்சேன். அவ தண்ணியைப் பார்த்துக்கிட்டு நிக்கிறா."

"காலையில சரின்னு சொன்னியாமே" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. "நான் ஆத்துப் பாலத்துக்குப் போறேன். நீ அந்தக் கதை எப்படி முடியுதுன்னு கண்டுபிடி" என்று வைத்துவிட்டார்.

கண்டுபிடிப்பது எப்படி? இருந்தது ஒரே பிரதி. அது சிட்டுவின் கையில். அண்ணி போனில் தேடிப் பார்த்தாள். நாலைந்து பேர் புகழ்ந்து தள்ளியிருந்தார்கள். 'முடிவு நெஞ்சை உலுக்கிவிட்டது. சொல்ல மாட்டேன், நீங்களே படியுங்கள்' என்று ஒருவர். 'முடிவைச் சொன்னால் பாவம்' என்று இன்னொருவர்.

நாவலின் மறுபதிப்புக்கு முன்னுரை எழுதிய பேராசிரியர் இதே ஊர்தான். பத்துப் பக்க முன்னுரை. அவரைக் கூப்பிட்டாள்.

"ஐயா, அந்த நாவலோட முடிவு என்னங்கையா? அவசரம்."

"முடிவா?" பேராசிரியர் கனைத்தார். "முடிவு என்பது ஒரு திறப்பு. அந்தக் காலத்துப் பெண்ணின் அகவெளியை..."

"ஐயா, அவ செத்துப் போறாளா, இல்லையா?"

"ஒருவகையில் பார்த்தால்..."

"உயிர் போற விஷயம் ஐயா. கும்பிட்டுக் கேட்கிறேன்."

வகுப்பில் மாட்டிக்கொண்ட மாணவன் மாதிரி ஒரு குரல் வந்தது. "பதிப்பாளர் அவசரமா கேட்டாரும்மா. முதல் பாகம்தான் புரட்டினேன். முன்னுரைக்கு அதுவே போதுமானதா இருந்துச்சு."

அடுத்து வாசகர் வட்டத் தலைவர். போன வருஷம் இதே நாவலைப் பற்றி மேடையில் ஒரு மணி நேரம் பேசியவர். "படிச்ச மாதிரிதான் இருக்கு. கடைசியில மழை வரும்னு நினைக்கிறேன்" என்றார். அவருடைய மனைவி போனை வாங்கி, "அவர் பேராசிரியர் முன்னுரையைப் படிச்சுட்டுப் பேசினாரும்மா" என்று உண்மையைச் சொன்னாள்.

இத்தனை பேர் கொண்டாடிய புத்தகம். ஊரே படித்ததாக நினைத்துக்கொண்டிருந்த புத்தகம். ஒருத்தராவது கடைசிப் பக்கம்வரை போயிருக்கக் கூடாதா? இன்னொரு பக்கம் மனசாட்சி அவளையே கிள்ளியது. நீ போனாயா?

கணவர் மறுபடி கூப்பிட்டார். "பாலத்துல இல்லை. கரையோரமா இறங்கிப் பார்க்கிறேன். ஏதாவது தெரிஞ்சுதா?" அவருக்குப் பின்னால் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. மழையில் ஆறு இரண்டு கரையும் புரண்டுதான் ஓடிக்கொண்டிருந்தது. "இன்னும் இல்லைங்க" என்றாள்.

அப்போதுதான் பல் டாக்டரம்மாவின் ஞாபகம் வந்தது.

தெருவுக்கு எதிர்ப்பக்கம் கிளினிக் வைத்திருக்கும் அம்மாள். வாரா வாரம் புத்தகம் எடுப்பார். அவருக்கு ஒரு கெட்ட பழக்கம்: கடைசி அத்தியாயத்தை முதலில் படித்துவிடுவார். முடிவு பிடித்தால் ஆரம்பத்துக்கு வருவார். பிடிக்காவிட்டால் மறுநாளே புத்தகம் மேஜைக்குத் திரும்பிவிடும். "வாழைப்பழத்தைத் தோலோட சாப்பிடுற ஆளு" என்று அண்ணி பின்னால் எத்தனை தடவை கேலி செய்திருக்கிறாள். அந்தப் பச்சை அட்டையையும் மறுநாளே திருப்பிக் கொடுத்தவர் அவர்.

நூலகத்தை அப்படியே திறந்துபோட்டுவிட்டு அண்ணி தெருவைக் கடந்து ஓடினாள். ஒரு வண்டிக்காரன் திட்டியது காதில் விழவில்லை.

கிளினிக்கில் ஒரு தடித்த மனிதர் வாயை ஆவென்று திறந்துகொண்டு சாய்ந்திருந்தார். டாக்டரம்மா அவர் வாய்க்குள் எதையோ குடைந்துகொண்டிருந்தார்.

"டாக்டர், பச்சை அட்டை நாவல். நான் கொடுத்தேனே, மறுநாளே கொண்டுவந்து வெச்சுட்டீங்களே. ஏன் வெச்சுட்டீங்க?"

டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். அண்ணியின் முகத்தைப் பார்த்ததும் மெஷினை நிறுத்தினார். "அந்த முடிவை வெச்சுக்கிட்டு முன்னாடி எப்படிம்மா படிக்கிறது? எனக்கு அன்னிக்குச் சோறே இறங்கலை."

"ஆத்துல விழுந்துடுறாளா?"

"ஆறா? கடைசியில ஆறே இல்லையே."

அண்ணிக்கு உயிர் வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஆறு இல்லை. அப்பாடா.

"அவ திரும்பி வந்துடுறா" என்றார் டாக்டரம்மா. "புருஷன் வீட்டுக்கே வர்றா. நல்லா உடுத்திக்கிட்டு, சிரிச்ச முகமா. அவனுக்கு ஒரே சந்தோஷம். பொண்டாட்டி திருந்தி வந்துட்டான்னு. அவன் ஆசைப்பட்டதெல்லாம் சமைக்கிறா. ரெண்டு பேரும் எதிரெதிரே உட்கார்றாங்க. அவளே அவனுக்குப் பரிமாறிட்டு, அதே பாத்திரத்துலேர்ந்து தனக்கும் போட்டுக்கிறா." அவர் கையுறையைக் கழற்றினார். "ரெண்டு பேருமே எழுந்திருக்கலை. காலையில அக்கம்பக்கத்துல கதவைத் தட்டுறாங்க. அத்தோட கதை முடிஞ்சுது."

வாயைத் திறந்துகொண்டிருந்த மனிதர் மெல்ல வாயை மூடினார்.

*சரிதான் சிட்டு. அவளுக்கு வேற என்ன வழி இருக்கு?*

சொன்னது தன் வாய்தான். செருப்பைத் தேடிக்கொண்டே சொன்ன வாய். அண்ணிக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல இருந்தது. ஆனால் சாக நேரமில்லை.

படியில் இறங்கும்போதே கணவரைக் கூப்பிட்டாள். "ஆத்தை விடுங்க. மாப்பிள்ளை வீட்டுக்குப் போங்க. சிட்டு அங்கேதான் சமைச்சுக்கிட்டிருப்பா, மாப்பிள்ளையை ஒண்ணும் சாப்பிட விடக் கூடாது. அவளும் சாப்பிடக் கூடாது. போகப்போகச் சொல்றேன், கிளம்புங்க." அவர் ஊரின் அந்தக் கோடியில் இருந்தார். மாப்பிள்ளை வீடு இந்தக் கோடி. எதிரே வந்த டாக்ஸியைக் கைகாட்டி நிறுத்தி ஏறினாள். சனிக்கிழமை மதியம், கடைத்தெரு முழுக்க வண்டிகள். டாக்ஸி நத்தையாக ஊர்ந்தது.

மாப்பிள்ளையின் எண்ணைத் தேடி எடுத்தாள். அழுத்துவதற்கு முன்னால் ஒரு நொடி விரல் நின்றது. அந்த ஆள் மட்டும் சாப்பிட்டுத் தொலையட்டுமே என்று தோன்றியது. தோன்றியதற்கு வெட்கப்பட அவளுக்கு நேரமில்லை. அழுத்தினாள்.

உடனே எடுத்தார். "அக்கா! நானே கூப்பிடணும்னு இருந்தேன். எல்லாம் உங்க புண்ணியம்."

"சிட்டு அங்கே இருக்காளா தம்பி?"

"பின்னே? நாளைக்கு நான் வர்றதுக்குள்ள தானா வந்து நிக்கிறா. எத்தனை பேர் எடுத்துச் சொன்னோம், கேட்டாளா? நீங்க ஒரு புத்தகம் கொடுத்தீங்களாம், அதைப் படிச்சதும் புத்தி வந்துடுச்சாம். கையோட கொண்டு வந்திருக்கா." அவர் சிரித்தார். "வந்ததும் வராததுமா சமையல்தான். வீடே மணக்குது. இதோ உட்காரப் போறோம்."

சாப்பிடாதீங்க என்ற வார்த்தை அண்ணியின் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அங்கேயே விழுங்கினாள். சொன்னால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று தெரிந்தால் அடுத்த நிமிஷம் அந்த வீட்டுக்குள் சிட்டுவின் கதி என்ன? சும்மா இருக்கும்போதே கன்னத்தைப் பழுக்கவைத்த கை அது. சொன்னாலும் ஆபத்து. சொல்லாவிட்டாலும் ஆபத்து.

"அவகிட்ட ஒரு நிமிஷம் கொடுங்க தம்பி."

"சாப்பிட்டுட்டுப் பேசட்டுமே."

"அந்தப் புத்தகம் நூலகத்தோடது. இன்னிக்குத் திருப்பிக் கொடுத்தாகணும். மேலதிகாரி வந்து உட்கார்ந்திருக்கார். ஒரே நிமிஷம்."

"இந்தா, உங்க அண்ணி. சீக்கிரம் பேசிட்டு வா" என்று அவர் சொல்வது கேட்டது. பாத்திரம் ஒன்று மேஜையில் வைக்கப்பட்டது.

"சொல்லுங்க அண்ணி." காலையில் கேட்ட அதே தெளிந்த குரல்.

"சிட்டு, அவர் சாப்பிட ஆரம்பிச்சுட்டாரா?"

"இன்னும் இல்லை. இனிமேதான்."

"நான் அந்தப் புத்தகத்தைப் படிக்கலை சிட்டு."

அண்ணி நிறுத்தாமல் தொடர்ந்தாள்.

"காலையில பொய் சொன்னேன். படகுத்துறையில வந்து நிக்கிறாளே, அதோட மூடி வெச்சுட்டேன். அதுக்கப்புறம் அவ என்ன செஞ்சான்னு இப்பதான் தெரிஞ்சுக்கிட்டேன். அது சரியில்லை. நான் அதைச் சரின்னு சொல்லலை. கேட்குதா? நான் சொல்லவே இல்லை."

டாக்ஸி டிரைவர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். முன்னால் விளக்கு சிவப்பாகவே இருந்தது.

"படிக்கலையா?" என்றாள் சிட்டு. குரலில் அந்தத் தெளிவு போய்விட்டது. சின்னப் பெண்ணின் குரலாகிவிட்டது. "எங்க அண்ணன் என்னைத் திரும்பிப் போன்னு சொன்ன மறுநாள்தானே அண்ணி கொடுத்தீங்க? வாயால சொல்ல முடியாததைத்தான் புத்தகமாக் கொடுக்கிறீங்கன்னு நினைச்சேன். எனக்காகவே தேடி எடுத்தீங்கன்னு நினைச்சேன்."

அண்ணியின் கண் மளமளவென்று நிறைந்தது. என்ன சொல்லித் தேற்றுவது? பொய் சொல்லிப் பட்டது போதும்.

"இல்லைடா. படிக்க ஓட்டமா இருந்துச்சு. அதுக்காகத்தான் கொடுத்தேன். வேற ஒண்ணும் இல்லை."

"ஓட்டமாத்தான் இருந்துச்சு" என்றாள் சிட்டு. அழுகிறாளா, சிரிக்கிறாளா?

"திரும்பிப் போன்னு இனிமே யாரும் உன்னைச் சொல்ல மாட்டாங்க. உங்க அண்ணன் சொன்னா நானும் உன்கூட வெளியே வந்துடுறேன். இப்ப அப்படியே எழுந்து வாசலுக்கு வா. மேஜையில இருக்கிறது எதையும் தொடாதே, அவரையும் தொட விடாதே. தட்டிக் கொட்டிவிட்டு வா. நான் வண்டியில வந்துக்கிட்டே இருக்கேன்."

"அண்ணி..."

"என்ன சிட்டு?"

"ஆறிப்போகுது. இன்னும் என்ன பேச்சு?" என்று மாப்பிள்ளையின் குரல் மிக அருகில் கேட்டது. தேன் வற்றியிருந்தது. "என்ன அழுகை? யார்கிட்ட என்ன சொன்னே?"

போன் மேஜையில் வைக்கப்பட்டது. ஆனால் துண்டிக்கப்படவில்லை. அண்ணி அதைக் காதோடு அழுத்திக்கொண்டு, "சிட்டு, சிட்டு" என்று கூப்பிட்டாள். நாற்காலி ஒன்று தரையில் இழுபடும் சத்தம் மட்டும் கேட்டது. சிட்டு எழுந்துகொள்கிறாளா, அவர் உட்காருகிறாரா என்று அவளுக்குத் தெரியவில்லை.